திராட்சைத் தோட்டத்தில் ஒரு டூடில்

நாய்க்குட்டி வளர்ப்பு சம்பளமும் லீவும் இல்லாத உத்தியோகம். நாம் மனுப் போடாமலே பிள்ளைகள் நம்மை அதில் சேர்த்துவிடுகிறார்கள். மகனோ மகளோ ஆசைப்பட்டு வாங்கிய நாயை ஐம்பது வயதுக்கு மேல் மேய்த்துக்கொண்டிருக்கும் சக பாவப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இதில் ஆட்டுக்கிடை போடுகிற ஒருவர் சொன்னதாக வரும் சங்கதியை நானே பல வருஷம் நம்பவில்லை. சந்தேகம் என் கூடப் பிறந்தது.

கொட்டாத முடி

சென்னையில் இருந்த மகளுக்கு வெளிநாட்டு வேலை வந்தது. போகும்போது குட்டியைச் சுருளிப்பட்டியில் எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். லாப்ரடாருக்கும் பூடிலுக்கும் பிறந்தது, டூடில் என்பார்களாம். வெண்ணெய் நிறம், சுருட்டை முடி. பஞ்சு என்று பெயர். முடி கொட்டாத ஜாதி என்று சொன்னதால்தான் என் மனைவி ஈஸ்வரி சம்மதித்தாள்.

கொட்டாத முடி எங்கே போகும் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. கொஞ்ச நாளில் காதுக்குப் பின்னால், கால் இடுக்கில் எல்லாம் சடை விழுந்துவிட்டது. வீடியோ காலில் காட்டினேன். மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"கொட்டாதுன்னுதானப்பா சொன்னேன், சீவ வேண்டாம்னா சொன்னேன்?"

சீப்பு

கம்பிப் பல் வைத்த சீப்பு பழனிசெட்டிபட்டியில் கிடைத்தது. கடைக்காரர் வெளியே வந்து, வண்டிக்குள் இருந்த பஞ்சுவை எட்டிப் பார்த்தார். "நாய்க்குன்னு சொன்னீக, ஆட்டைக் கூட்டிட்டு வந்திருக்கீக?" என்றார். இந்தக் கேலி எங்கள் பக்கம் எங்கு போனாலும் கிடைப்பதால் சிரித்துவைத்தேன்.

அன்று முதல் சாயங்காலம் ஈஸ்வரி பஞ்சுவை மடியில் பிடித்துக்கொள்ள, நான் நுனியிலிருந்து வேர்வரை சிக்கெடுத்துச் சீவுவேன். வேரோடு இழுத்தால் கத்தும். நான் அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சீவுவதை ஈஸ்வரி சில நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"மக பள்ளிக்கூடம் போறப்ப ஒரு நாளு அவளுக்கு இப்படிச் சீவிவிட்டிருப்பீகளா?"

டாக்டரம்மா கேட்ட கேள்வி

தடுப்பூசிக்குக் கம்பத்துக்குக் கொண்டுபோனோம். வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்று டாக்டரம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். திராட்சைப் பந்தல் என்றேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டார். நாய்க்குத் திராட்சை விஷமாம். சில நாய்க்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகம் பழுதாகிவிடுமாம். எந்த நாய்க்கு என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாதாம்.

நானோ பந்தல் நிழலிலேயே வளர்ந்தவன். வந்த வேகத்தில் வீட்டைச் சுற்றி வலை கட்டினேன். விடிந்ததும் காப்பிக்கு முன்னால் உதிரிப் பழம் பொறுக்குவது என் வேலையானது. தோட்டத்தில் வேலை செய்யும் பேச்சியம்மாள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"அங்கன திரியுற நாயெல்லாம் தின்னுக்கிட்டுத்தான் திரியுது, அதுகளுக்கு எந்த டாக்டரு சொன்னாக?"

கொடாப்பு

பழம் பறிக்கும் நாளன்று ஆட்கள் வருவதற்காக விடியற்காலையில் வலையைச் சுருட்டியிருந்தோம். வேலை மும்முரத்தில் பஞ்சு போனதை யாரும் பார்க்கவில்லை. காணவில்லை என்று தெரிந்தபோது வெயில் ஏறிவிட்டது. பந்தலுக்கடியில் எங்கு பார்த்தாலும் உதிர்ந்த பழம். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். தின்றதா இல்லையா, எப்போது தின்றது என்று தெரிந்தால்தான் வாந்தி எடுக்கவைப்பதா என்று முடிவெடுக்கலாம் என்றார். ஈஸ்வரி செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

பக்கத்து வயலில் நெல் அறுத்துவிட்டு, உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். தாய் ஆடுகள் மேயப் போகுமுன் குட்டிகளின் மேல் கொடாப்பு என்ற பெரிய கூடையைக் கவிழ்த்து வைப்பார்கள். கிடைக்காரர் வீரணன் எங்கள் கூச்சலைக் கேட்டு ஒரு கொடாப்பைத் தூக்கினார். ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவில் பஞ்சு உறங்கிக்கொண்டிருந்தது. ஈஸ்வரி வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள், பிறகு சிரித்தாள்.

"விடிஞ்சதும் குட்டியெல்லாம் பிடிச்சுக் கவுத்துனேன் தாயி, இதையும் ஆட்டுக்குட்டின்னு நெனச்சுப்புட்டேன்."

சந்தேகம்

விடிந்ததிலிருந்து கூடைக்குள் இருந்தால் பழம் தின்ன நேரமே இல்லை, பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டரம்மா. பஞ்சுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆனது. பிறந்ததிலிருந்து ஆட்டோடு கிடப்பவருக்கு நாய்க்குட்டி அடையாளம் தெரியாதா? அது பொய்யென்றால் 'விடிஞ்சதும்' என்றதும் பொய்தானே? அப்படியானால் பஞ்சு தின்றும் தப்பியிருக்கிறது, அடுத்த தடவை தப்பாது. அது கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் குடித்தாலே சிறுநீரகமோ என்று டாக்டரம்மாவுக்குப் போன் போடுவேன். மகள் திரும்பி வந்து, நாய் உங்களிடமே இருக்கட்டும் என்ற பிறகு இன்னும் அதிகம். வீரணன் கிடையோடு திரும்ப வந்த வருஷங்களிலும் கேட்கவில்லை. நல்லது செய்தவரிடம் பொய் சொன்னீர்களா என்று எப்படிக் கேட்பது?

இந்த வருஷம் விடியற்காலையில் பஞ்சுவோடு வரப்பில் போனேன். எங்களைப் பார்த்ததும் வீரணன் வணக்கம்கூடச் சொல்லாமல் பாய்ந்துபோய், பல்லைக் காட்டி வந்த தன் கிடைநாய் இரண்டையும் கழுத்தோடு பிடித்து இழுத்துக் கட்டினார். கட்டிவிட்டுத்தான் மூச்சு விட்டார். அந்த நாய்கள் வெயில் ஏறுமுன் ஆட்டோடு மேய்ச்சலுக்குப் போய்விடும், சாயங்காலம்தான் திரும்பும். அவற்றுக்குப் பயந்து அவர் பஞ்சுவை மூடியிருந்தால், விடிந்ததும்தான் மூடியிருக்க முடியும்; அது பழம் தின்ன நேரமே இருந்திருக்காது. அத்தனை வருஷப் பாரமும் அந்த வரப்பிலேயே இறங்கிவிட்டது. இருந்தாலும் அவர் வாயால் கேட்காமல் நான் எப்படி நம்புவது?

"அண்ணே, அன்னைக்கு இந்த ரெண்டும் கொதறிரும்னுதானே கவுத்தி வச்சீக, எங்க வீட்ல பதறிருவாகன்னுதானே ஆட்டுக்குட்டின்னு சொன்னீக?"