கார்பூல் லேனில் பறிபோன விமானக் கம்பெனி

கலிபோர்னியாவில் பிளசன்டனிலிருந்து சன்னிவேல் ஆபீஸ் வரை நான்கு வருடம் என் காரில் ஓசியில் வந்தவன் அவன். கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டலில் என் ரூம்மேட். ஓசி என்பது முழு நியாயமில்லை. காரில் இரண்டு பேர் இருந்தால்தான் நெரிசலில்லாத கார்பூல் லேனில் போகலாம், எனக்கும் லாபம்தான். ஆனால் நியாயம் பார்க்கும் மனநிலையில் இப்போது நான் இல்லை.

பழைய விமானங்கள் மேல் எனக்கு ஒரு கிறுக்கு. அதிலும், சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு அண்ணனும் தம்பியும் அமெரிக்காவில் ஆரம்பித்த விமானக் கம்பெனியின் கதை என்றால் சோறு வேண்டாம். இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் சித்திரைத் திருவிழாவில் அதைப் பேச இடம் கேட்டு வாங்கியிருந்தேன். என் முதல் மேடை. வீட்டில்கூடச் சொல்லவில்லை. மேடை என்றாலே பயப்படும் ஆள் நான், அதனால் தினமும் காரில் அவனிடம் பேசிப் பார்த்தேன். இறக்கையை முறுக்கி விமானத்தைத் திருப்பும் வித்தைக்கு அவர்கள் பேடன்ட் வாங்கியது, அதைத் தொட்டவன் மேலெல்லாம் கேஸ் போட்டது, அண்ணன் காய்ச்சலில் செத்தது, தம்பி கம்பெனியை விற்றது. விற்ற இடம் வந்ததும் அடுத்த எக்ஸிட் வரை பேசாமல் ஓட்டுவேன்.

அதற்கு முன்னால் வந்த பொங்கல் விழாவில் பேச வேண்டியவர் வரவில்லை. இவன் மேடை ஏறி என் கதையை எடுத்துவிட்டான். என் அண்ணன், என் தம்பி, என் கம்பெனி. விற்ற இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தான். படுபாவி, என் மௌனத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள்.

"அண்ணாவுக்கு இவ்ளோ விஷயம் தெரியுமா!" என்று அவனைப் பார்த்து என் மனைவியே கை தட்டினாள்.

பார்க்கிங் லாட்டில் அவனைப் பிடித்தேன். "ஏன்டா இப்படிப் பண்ணின?"

"மச்சி, ஹிஸ்டரி என்ன உங்க அப்பன் வீட்டு சொத்தா? எல்லாம் ஆன்லைன்ல இருக்குடா. நீ வேற டாபிக் பிரிப்பேர் பண்ணிக்கோ."

வேறு எதுவும் எனக்குப் பேச வராது. சித்திரைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை அவன் வீட்டு வாசலில் நிற்காமல் போனேன். தனியாளாக ஃப்ரீவேயில் ஊர்ந்தேன். காலை மீட்டிங் போனது, பிரேக் அழுத்தி முழங்கால் வலித்தது. பின்னால் எங்கோ அவனும் இதே மாதிரி ஊர்கிறான் என்று நினைக்க நினைக்க வயிறு குளிர்ந்தது. அந்த அண்ணன் தம்பியும் கோர்ட்டில் ஜெயித்தவர்கள்தான். அவர்கள் கேஸ் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில் மற்றவர்கள் இன்னும் நல்ல விமானம் செய்துவிட்டார்கள். இது எனக்குத் தெரியாதா? அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே. தெரிந்தும் அவனுக்காகக் காரை நிறுத்த மனம் வரவில்லை.

போன வாரம் கார்பூல் லேனில் அவன் கார் என்னைத் தாண்டியது. பக்கத்து சீட்டில் யாரோ புது ஆள், வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். இவன் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையை இறக்கை போல முறுக்கிக் காட்டினான். என்னைப் பார்த்ததும் அந்தக் கையையே ஆட்டினான். நாசமாய்ப் போகிறவன். நான்கு வருடப் பழக்கம், என் கையும் தானாக எழும்பிப் பதிலுக்கு ஆட்டியது. அதை வெட்டிப் போடலாம் போல இருந்தது.