குறுக்குக் கோடு போட்ட ஏழு

க்ளெனிஸ் பெலிசாரி தன் நிழலைக்கூட முழுசாக நம்பாதவள். தேர்தல் வந்துவிட்டால் அந்த நிழல் எந்தக் கட்சி என்றும் விசாரிப்பாள். மெல்லிங்கா தொகுதியில் குடியிருந்துகொண்டு அப்படி இருப்பதைப் பைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. போன முறை அவள் கட்சி அங்கே ஜெயித்ததே நாற்பத்தொரு ஓட்டில்தான். ஒரு கல்யாணப் பந்தி அளவு ஆட்களுக்கு மனசு மாறினால் தொகுதி கைமாறிவிடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில மந்திரிகளுக்கு வேறு ஊரே கிடைக்காத மாதிரி, இரண்டு கட்சிக்காரர்களும் மெல்லிங்காவுக்கே வந்து ஒரே பாலத்தை மாற்றி மாற்றிக் கட்டித் தருவதாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள்.

அவள் பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு சாண்ட்விச் குறைந்தால் எடுத்தது யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வாள். அதனால் அவள் நம்பிக்கை குறைந்ததில்லை.

அவள் கட்சி அப்பா வழியாக வந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதே பள்ளிக்கூட வாசலில் நின்று, வருகிறவர்கள் கையில் அட்டையைத் திணிப்பாள். யாருக்கு ஒன்று, யாருக்கு இரண்டு, யாரைக் கடைசியில் தள்ளுவது என்று கட்சி அச்சடித்துக் கொடுக்கும் அட்டை. அதைப் பார்த்துச் சீட்டில் எல்லாக் கட்டத்திலும் எண் போட வேண்டும். ஒரே எண் இரண்டு இடத்தில் வந்தால் சீட்டு குப்பை. எதிர்க்கட்சி அட்டையோடு பக்கத்தில் நிற்பவன் கிளைவ் டனாஹர். வாசலில் அவர்கள் இரண்டு பேருக்கும் ஜென்மப் பகை. ஆனால் வெயிலில் பூசும் கிரீமுக்கு ஒரே டப்பாதான். ஒருவர் கழிவறைக்குப் போனால் இன்னொருவர் இரண்டு அட்டையையும் கொடுப்பார். இத்தனை வருஷத்தில் அது மட்டும் பொய்த்ததில்லை.

இந்த முறை வேட்பாளர் பிரைஸ் என்று ஒரு இளைஞன். அவன் படம் போட்ட பலகையை க்ளெனிஸ் தன் வேலியில் திருகாணி வைத்து முடுக்கியிருந்தாள். ஒருநாள் காலை பார்த்தால் வேலி மொட்டையாக நின்றது.

"கிளைவோட வேல. வேற எவன் செய்வான்?"

"காத்து அடிச்சிருக்கும்," என்றான் லிவியோ. அவள் கணவன். சின்னப் பையனாக இத்தாலியிலிருந்து வந்து, பழம் அடைக்கும் ஷெட்டில் முதுகு வளைந்தவன்.

"காத்து ஸ்க்ரூவக் கழட்டுமாடா?"

இரண்டு நாள் அவள் தபால்காரப் பெண்ணையும் பக்கத்து வீட்டு நாயையும் முறைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் கொல்லைப்புறம் போனவள் அப்படியே நின்றாள். லெட்டூஸ் கீரை நாற்றுகளுக்கு மேலே பிரைஸ் மல்லாக்கப் படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"லிவியோ!"

"வெயில் தாங்கலம்மா. பாவம், பிஞ்சுச் செடி."

"அதுக்கு என் வேட்பாளர்தான் கெடச்சானா?"

"நல்ல கெட்டிப் பலகை. அவனால ஆகுற ஒரே உபகாரம்."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அந்தக் கடைசி வாக்கியம் அவள் காதில் முள்ளாகத் தங்கிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள்ளேயே பேய் பார்க்கத் தொடங்கினாள். எதிர்க்கட்சி வேட்பாளரான அந்தக் கால்நடை வைத்தியப் பெண் தொலைக்காட்சியில் வந்தால் இவன் ஏன் சத்தத்தைக் கூட்டுகிறான்? ரொட்டி வாங்கப் போனவன் ஏன் இவ்வளவு நேரம் கழித்து வருகிறான்? நேராகக் கேட்டுவிடலாம். ஆனால் நேராகக் கேட்டு வாங்கும் பதிலை எந்தச் சந்தேகக்காரி நம்பினாள்?

சனிக்கிழமை தேர்தல். பெற்றோர் சங்கத்தார் வாசலில் சாசேஜ் சுட்டு, வெங்காயத்தோடு ரொட்டியில் சுருட்டி விற்றார்கள். லிவியோ கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு ஓட்டுப் போட வந்தான். க்ளெனிஸ் நீட்டிய அட்டையை வாங்கினான். அடுத்த எட்டில் கிளைவிடமும் ஒன்று வாங்கினான்.

"என்னப்பா, பூனைக்கும் தோழன் பாலுக்கும் காவலா?" என்று கிளைவ் கேலி செய்தான்.

"ரெண்டும் படிக்கத்தான். ஓசிதான?"

எப்போதும் போன கையோடு திரும்பி வருகிறவன், அன்று உள்ளே வெகுநேரம் இருந்தான். வெளியே வந்ததும் அவளுக்கு ஒரு சாசேஜ் வாங்கிக் கொடுத்தான். இது எதுக்கு லஞ்சம் என்று நினைத்துக்கொண்டே அவள் தின்றாள்.

மாலை கதவைச் சாத்தி, ஓட்டுப் போட்ட அதே பள்ளிக்கூடக் கூடத்தில் எண்ணினார்கள். கட்சிக்கு ஒருவராக மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், தொடக் கூடாது. சந்தேகமான சீட்டு என்றால் தடை சொல்லலாம். முடிவு அதிகாரியுடையது. எதிராளி இல்லாத நேரத்தில் தடை சொல்வதில்லை என்பது மட்டும் எழுதாத சட்டம். கிளைவுக்கு வயசாகிவிட்டது, அடிக்கடி வெளியே போக வேண்டும்.

"என் பங்கையும் சேத்துப் பாத்துக்க," என்று அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

அவன் போன பிறகுதான் அந்தச் சீட்டு விரிந்தது.

முதலில் அவள் கண்ணில் பட்டது ஏழு. நடுவில் குறுக்குக் கோடு போட்ட ஏழு. அவள் வீட்டு ஜாம் பாட்டில்களில், பெட்ரோல் கேனில், சுவர்க் காலண்டரில் எல்லாம் இருக்கும் ஏழு. அந்த ஊரில் அப்படி எழுதும் இத்தாலிக் கிழவர்கள் இன்னும் நாலைந்து பேர் உண்டு, சத்தியம் செய்ய முடியாது. பிரைஸ் பெயருக்கு எதிரே ஒன்று போட்டு, அதன்மேல் மெல்லிசாக ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் இரண்டு என்று எழுதியிருந்தது. கால்நடை வைத்தியப் பெண்ணுக்கு எதிரே அழுத்தமாக ஒன்று.

அவளுக்குக் கோபம் வந்தது. அதற்கு அடியில் அவமானம். ஊரையெல்லாம் வளைத்துப் பிடித்தவள், ஒரே கட்டிலில் படுத்திருந்த ஓட்டைக் கோட்டை விட்டாளே!

"இதுல ரெண்டு ஒண்ணு இருக்கு," என்றாள்.

அதிகாரிப் பெண் சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். "ஒண்ண அடிச்சுட்டு ரெண்டுன்னு எழுதின மாதிரி இருக்கேங்க?"

"அடிச்சதா, கை நடுங்கி இழுத்துக்கிச்சா? யாரு சொல்லுவா? தெளிவா இல்லன்னா செல்லாதுதான?"

அதிகாரி எதிர்ப்பக்கத்து ஆளைத் தேடினாள். நாற்காலி காலியாக இருந்தது. நாளெல்லாம் உழைத்துக் களைத்த பெண். சீட்டைச் செல்லாத குவியலில் வைத்தாள். சட்டையை உள்ளே சொருகிக்கொண்டு கிளைவ் திரும்பி வந்தான்.

"ஏதாச்சும் உண்டா?"

"ஒண்ணுமில்ல."

ஞாயிறு காலை பிரைஸ் ஒரு கைப்பிடி ஓட்டில் முன்னே இருந்தான். தபால் ஓட்டு பாக்கி. ஜெயிப்பானா தோற்பானா என்று வானொலிக்காரனுக்கே தெரியவில்லை. க்ளெனிஸ் தூங்காத கண்ணோடு சமையலறைக்கு வந்தாள். லிவியோவைச் சுற்றி வளைத்துப் பிடிக்க இரவெல்லாம் கேள்விகளைத் தீட்டி வைத்திருந்தாள். அவன் எப்படியெல்லாம் மழுப்புவான், அதற்கு என்ன பதில் என்பதும் தயார்.

லிவியோ காபிக் கெண்டியை அடுப்பிலிருந்து இறக்கினான்.

"உக்காரு. ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

"சொல்லு."

"நான் உன் ஆளுக்குப் போடல."

அவள் தீட்டி வைத்த கேள்வி ஒன்றுக்கும் வேலையில்லாமல் போய்விட்டது.

"கல்யாணம் ஆன நாளா நீ குடுக்குற அட்டையப் பாத்து அப்படியே காப்பியடிச்சிட்டு வந்தேன். சமத்துப் பையன் மாதிரி. இந்தத் தடவ நானே உக்காந்து எட்டு பேரையும் படிச்சேன். அந்தப் பொண்ணு நம்ம வேலிகிட்ட நின்னு, உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டா. உன் ஆளு என் தோளத் தட்டி, செவிடன்கிட்ட பேசற மாதிரி கத்திட்டுப் போனான்."

"எங்கிட்ட ஏன் சொல்ற? யாரு கேட்டா?"

"உன்கிட்ட மறச்சு எனக்குப் பழக்கமில்லயே."

அவள் மேஜை விரிப்பைப் பார்த்தாள். நிமிர முடியவில்லை.

"ஒரு தப்பு பண்ணிட்டேன் க்ளெனிஸ். பழக்கதோஷம், கை தன்னால அவனுக்கு ஒண்ணு போட்டுருச்சு. அப்பறம் அடிச்சுட்டு எழுதினேன். அடிச்சு எழுதினா எடுத்துக்குவாங்களா? ராத்திரி பூரா அதே கவலை. இத்தன வருஷத்துல நானா யோசிச்சுப் போட்ட ஒரே ஓட்டு. நீதான் உள்ள இருந்தியே, அந்த மாதிரிச் சீட்டெல்லாம் எண்ணுனாங்களா?"

லிவியோ அவள் கோப்பையில் காபியை ஊற்றினான். அவன் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்தான்.

"எண்ணுனாங்க," என்றாள்.

"அப்பாடா!" என்று லிவியோ நெஞ்சைத் தடவிக்கொண்டான். அவள் கோப்பையில் சர்க்கரை போட்டுக் கலக்கினான். அவள் சொன்னதை அவன் அப்படியே நம்பிவிட்டான்.