அடைத்த லயத்துக்கு வெளியே

போடிமெட்டு ஏறி எஸ்டேட் வேலைக்கு வந்த முதல் வருஷம், மார்கழி பிறப்பதற்குள் என் கையிலும் இடுப்பிலும் சிரங்கு வந்துவிட்டது. கூலிக் குடியிருப்பான லயத்தில் எங்கள் அறையில் இருந்தவர்கள் எல்லாரும் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்ட வந்த ஆம்பிளைகள். மூத்தவரை அண்ணே என்போம். ஒரு சாயங்காலம் அவர்தான் என் படுக்கைச் சாக்கைச் சுருட்டி வெளியே வைத்தார்.

“கோவிச்சுக்காதப்பா. எல்லாரும் ஒட்டிக்கிட்டுப் படுக்கிற இடம். புண்ணு ஆறுற வரைக்கும் விறகுக் கொட்டகையில இரு.”

குடிக்க, சாப்பிட ஒரு தனிச் சட்டியும் கொடுத்தார். கொட்டகைக்கு மூன்று பக்கம்தான் தட்டி. விடிந்தால் கம்பளி பனியில் நனைந்து கிடக்கும். அறையில் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாக்கால் அடைத்துக்கொண்டு தீ மூட்டுவார்கள். நான் இருந்த இடத்தில் புதிதாக ஒருவர் வந்து படுத்திருந்தார். அவர் பாடுவது எனக்குக் கேட்கும். முகம் சரியாகத் தெரியாது. பேச ஆளில்லாமல் ஊரில் விட்டுவந்த மாடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருக்கும்.

தை பிறந்த சமயம். ஒருநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்தபோது எங்கள் அறையிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. போய்க் கதவைத் தள்ளினேன். நாற்றம் குப்பென்று அடித்தது. எல்லாருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“குளிர் வயித்துல இறங்கிருச்சுப்பா.”

கங்காணி வந்து, துண்டால் மூக்கைப் பொத்தியபடி தூரத்தில் நின்றார். “நீ இன்னைக்கு வெட்டுக்குப் போக வேண்டாம். இவங்களப் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெந்நீர் வைத்தேன். உப்புப் போட்டுக் கஞ்சித்தண்ணி கொடுத்தேன். ஓடையில் துணி அலசியபோது விரல்கள் மரத்துப்போயின. அப்போதுதான் தோன்றியது: குளிர்தான் காரணம் என்றால் முதலில் நானல்லவா விழுந்திருக்க வேண்டும்? அறை மூலையில் ஒரே தண்ணிப்பானை, ஒரே சிரட்டை. குளிருக்குப் பயந்து யாரும் கை கழுவ ஓடைக்குப் போகவில்லை. வெளிக்குப் போய்விட்டு வந்த அதே கையால் பானையில் மொண்டு குடித்திருக்கிறார்கள். பானையைக் கொண்டுபோய்க் கவிழ்த்தேன்.

“தண்ணி என்ன பண்ணும்? மழைக்காலத்துலயும் இதத்தான குடிச்சோம்” என்றார் அண்ணன்.

“மழைக்காலத்துல கை கழுவுனீங்கண்ணே. கதவும் திறந்து கிடந்துச்சு.”



மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். பாடுகிறவர் மட்டும் எழவில்லை. கஞ்சி ஊட்டும்போதுதான் அவர் முகத்தை அருகில் பார்த்தேன். என் வயசுதான் இருக்கும். “உங்க இடத்துல படுத்துட்டேன்” என்றார். என்னிடம் அவர் பேசியது அவ்வளவுதான். மறுநாள் அவரை ஓடைக்கு மேலே சரிவில் புதைத்தோம்.

அன்று சாயங்காலம் அண்ணன், “சிரங்கு கிடக்கட்டும், உள்ள வா” என்று கூப்பிட்டார். காலியாக இருந்தது என் பழைய இடம்தான். அதில் படுக்க மனம் வரவில்லை. வாசலோரம் சாக்கை விரித்துக்கொண்டேன்.

பங்குனியில் கவாத்து முடிந்து கீழே இறங்கும்போது, பாடினவர் வீட்டில் தகவல் சொல்ல வேண்டுமென்ற பேச்சு வந்தது. தேவாரம் பக்கம் என்றார் ஒருவர், கம்பம் என்றார் இன்னொருவர். கங்காணியைக் கேட்டோம்.

“வேலை கேட்டு மெட்டுல வந்து நின்னான், சேத்துக்கிட்டேன். எந்த ஊருன்னு யாரு கேட்டா?” என்றார்.