மொட்டை டயரோடு முட்டத்துக்கு

ஐம்பத்துமூன்றாம் வருஷம், ஜூன் மாதம். காலை ஐந்தரைக்குத் திருநெல்வேலியை விட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு; கிளம்பியபோது மணி ஆறரை. அந்த ஒரு மணி நேரமும் நான் காரைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தேன்.

முட்டத்தில் பத்து மணிக்கு என் தங்கை ரோசம்மாளுக்குக் கல்யாணம். அப்பா இல்லை. நான்தான் அவள் கையைப் பிடித்து மாதா கோவிலுக்குள் கூட்டிப்போக வேண்டும். நான் வராவிட்டால் சித்தப்பா கூட்டிப்போவார். அப்பா செத்த அன்றைக்கே நிலத்துக்குச் சண்டை போட்ட மனுஷன்!

வாடகைக்கு எடுத்தது 1934 மாடல் கார். ஓட்டியவர் கொட்டாரத்துச் செல்லையா. நாலு டயரில் இரண்டு தேய்ந்து மொட்டை; இரண்டுதான் புதுசு. புதுசைப் பின்னால் போடலாம் என்று முந்தின நாளே அவர் சொன்னார். நான் விடவில்லை. பொண்ணும் மாப்பிள்ளையும் ஏறுகிற வண்டி. மாப்பிள்ளை வீட்டார் முதலில் பார்ப்பது முகத்தைத்தானே? முன்னால் பளபளவென்று இருக்கட்டும் என்று அடம்பிடித்தேன்.

நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி. முப்பது மைலுக்கு மேல் நேர்ரோடு. வண்டி நன்றாகவே ஓடியது. எட்டரைக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய். அப்பாடி, என்ன காற்று! பக்கவாட்டில் தள்ளியது. கூடவே சாரல். செல்லையா வேகத்தைக் குறைத்தார்.

"என்ன அண்ணே, உருட்டுறீரு? மிதியும்!"

"மிதிச்சா வாலு முன்னால வந்துரும் சாரே. முன் டயரு பிடிக்கும், பின்னால மொட்டை. நனைஞ்ச ரோட்டுல பிடிக்காது."

"பத்து மணிக்குப் பூசை! மிதியும்ணேன்!"

மிதித்தார். தோவாளை தாண்டி ஒரு வளைவு. முன்சக்கரம் சொன்னபடி திரும்பியது, பின்பக்கம் கேட்கவில்லை. வண்டி அரைவட்டம் சுற்றி, வந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு சாண் தள்ளிக் கால்வாய்.

செல்லையா திட்டவில்லை. இறங்கி ஜாக்கியை எடுத்து வைத்தார். "நாலு சக்கரமும் கழத்தணும். முக்கா மணிக்கூர் ஆவும். இப்படியே போவணும்னா வேற டிரைவரைப் பாரும்."

முக்கால் மணி! அழுகையே வந்தது. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நானும் சேற்றில் உட்கார்ந்தேன். அவர் நட்டைக் கழற்ற, நான் சக்கரத்தை உருட்டினேன். பழைய கிரீஸும் தார்ச்சேறும் முழங்கை வரை அப்பியது. புதுசு பின்னால், மொட்டை முன்னால். கல்லாகக் காற்றடித்திருந்த டயர்களில் கொஞ்சம் காற்றையும் இறக்கினார்.

அதன்பிறகு அதே காருக்கு வேறு குணம். நாகர்கோவில் தாண்டி அம்மாண்டிவிளை வளைவுகளில் மழை கொட்டியும் வால் ஆடவில்லை. ஸ்டியரிங் மட்டும் கொஞ்சம் மெதுவாகத் திரும்பியது. "இப்பம் நான் சொன்னா வண்டி கேக்கும்" என்றார் செல்லையா.

முட்டம் போய்ச் சேர்ந்தபோது பத்து இருபத்தைந்து. கோவில் படிக்கட்டில் கூட்டம். சித்தப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றார். ரோசம்மாள் அவரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து நின்றாள்.

மாப்பிள்ளையின் மாமா காரைப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார்: "முன்னால ரெண்டும் மொட்டையால்லா இருக்கு! இதுலயா பொண்ணை ஏத்தப்போறீய?"

எந்தச் சொல்லுக்குப் பயந்தேனோ அதே சொல். ஆனால் எனக்கு உறைக்கவே இல்லை. தங்கையிடம் ஓடினேன். வெள்ளைப் பட்டு கட்டியிருந்தாள். என் கையைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது; சட்டென்று பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கழுவிட்டு வாறேன் மக்கா, ஒரு நிமிஷம்."

"சாமியார் மூணு மட்டம் ஆளனுப்பிட்டாரு. உனக்காக நிக்கேன், நீ கழுவப் போறியா? கையைத் தா."

அவளே இழுத்து முந்தானையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். படியேறினோம். பட்டில் என் ஐந்து விரலும் கரியாகப் பதிந்தன.

மறுநாள் நான் திரும்பும்போது டயரை மறுபடி முன்னால் மாற்றட்டுமா என்று செல்லையா கேலியாகக் கேட்டார். கும்பிடு போட்டேன். வாசலில் ரோசம்மாள் அந்தப் பட்டைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சீயக்காய் போட்டுப் பாத்தியா?" என்றேன்.

"அந்த இடத்தை மட்டும் நனைக்கல்ல" என்றாள்.