பாத்ரூமுக்குள் ஒரு படி

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். யாரும் பிடிக்காமல், யாரும் பார்க்காமல், தானாக எழும்பிக் கக்கூஸுக்குப் போய்வர வேண்டும். வாதம் அடித்து இடது கால் இழுத்துக்கொண்ட பிறகு, எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் இருந்த குந்துகிற கக்கூஸ் அவருக்குச் சரிவரவில்லை. நடுவில் ஓட்டை வைத்த ஒரு கதிரையும் அதன் கீழே ஒரு வாளியுமாகப் படுக்கையறைக்குள்ளேயே எல்லாம் நடந்தது. வாளியை எடுப்பது நான், கழுவிவிடுவதும் நான். ஒரு காலத்தில் கந்தோரில் தனக்குக் கீழே வேலைசெய்த எல்லாரையும் அதட்டி வைத்திருந்த மனுஷன், மகளுக்கு முன்னால் சாரத்தைத் தூக்கிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்.

ஒருநாள் சொன்னார்: "பிள்ளை, எனக்கு இனி மருந்து கிருந்து ஒண்டும் வேண்டாம். தனியப் போய்வர ஒரு வழி செய்து தா."

வழி லேசாகத்தான் இருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பிளம்பர் பாத்ரூமைச் சுற்றிப் பார்த்தார். மேலிருந்து எல்லா வீட்டுக் கழிவும் இறங்குகிற சோயில் பைப், கக்கூஸ் இருக்கிற அதே மூலையில்தான் போகிறது. "பழச ஒடச்சிட்டு அதே எடத்துல கொமட்ட வச்சிரலாம் மிஸ். தரை மட்டமாவே இருக்கும், ஐயா வாக்கரோட நேரா போயிரலாம்" என்றார். பிடித்து எழும்பச் சுவரில் ஒரு கம்பி. அவ்வளவுதான் வேலை. அப்பா அன்றைக்கு இரண்டு இடியப்பம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

சரி, கனடாவிலிருக்கிற அண்ணாவுக்கும் சொல்லத்தானே வேண்டும். வீடு அவருடைய பேரில், செலவும் அவருடையது. பாத்ரூமைப் படம் எடுத்து அனுப்பு என்றார், அனுப்பினேன். அடுத்த நாள் விடிய ஃபோன்.

"ஒண்டையும் உடைக்காத. கக்கூஸ் ஈசானிய மூலையில இருக்கு!"

அங்கே யாரோ ஒரு வாஸ்துக்காரரிடம் படத்தைக் காட்டியிருக்கிறார். ஈசானிய மூலையில் கக்கூஸ் இருந்தால் குடும்பத்தில் சுபகாரியம் நடக்காதாம். அதனால்தான் அண்ணாவின் மகளுக்கு வருகிற சம்பந்தம் எல்லாம் குழம்புகிறதாம். கண்டறியாத வாஸ்து! டொரொண்டோவில் கலியாணம் சரிவராததற்கு வெள்ளவத்தையில் நாங்கள் குந்துகிற மூலை காரணம். அந்தப் பெட்டைக்குக் கலியாணமே வேண்டாம். "மாமி, நீங்களாவது அப்பாவுக்கு விளங்கப்படுத்துங்கோ" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். அவளுடைய அப்பாவுக்கு விளங்கப்படுத்த என்னால் முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கொமட் மற்றப் பக்க மூலைக்குப் போகவேண்டும், வடமேற்கிலிருக்கிற வாயு மூலைக்கு. பிளம்பர் தலையைச் சொறிந்தார். கொமட் அங்கே, பைப் இங்கே. இடையில் போகிற குழாய்க்குச் சரிவு கொடுக்காவிட்டால் எல்லாம் பாதியில் நின்றுவிடும். ஒன்றில் கீழ்வீட்டின் சீலிங்குக்குள்ளால் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் எங்கள் தரையை உயர்த்தவேண்டும். கீழ்வீட்டம்மாவிடம் போய்க் கெஞ்சினேன். மகளின் கலியாணத்துக்கென்று புதுசாகப் போட்ட சீலிங்காம். "உங்கட வீட்டுக் கழிவு எங்கட தலைக்கு மேலால ஓடவோ?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். இத்தனை வருஷமாக எதற்கு மேலால் ஓடுகிறது என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அண்ணாவுக்கு ஃபோன் எடுத்தேன். "பாத்ரூமுக்குள்ள ஒரு படி வருமாம் அண்ணா. அப்பா ஏறமாட்டார்."

"ஒரு படிதானேயடி. காலுக்கும் எக்ஸசைஸ். இஞ்ச எண்பது வயசுச் சனம் ஸ்னோவுக்குள்ள நடக்குது."

"அவருக்குக் கால் தூக்க ஏலாது. நீங்கள் வந்து பார்த்தனீங்களோ?"

"உனக்கு எல்லாத்திலயும் ஒரு நொட்டை. வீடு ஆரின்ர பேரில இருக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபோனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, அதைப் பொறுக்கி எடுத்துப் பிளம்பருக்குச் சொன்னேன், தரையை உயர்த்தச் சொல்லி.

பாத்ரூமின் பின்பாதி முழுவதும் முக்கால் அடி உயர்ந்தது. வெள்ளை டைல்ஸ், வெள்ளைக் கொமட், மினுங்குகிற கம்பி. சீமெந்து காய்ந்த அன்று அப்பா ஷேவ் எடுத்துவிட்டு, துவைத்த சாரம் கட்டிக்கொண்டு வாக்கரோடு புறப்பட்டார். என்னை வாசலிலேயே நிற்கச் சொன்னார். படிவரை போனார். வாக்கரைத் தூக்கி மேலே வைத்தார். வலது காலையும் வைத்துவிட்டார். இடது கால் வரவில்லை. தொடையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். வாக்கர் ஆடியது, நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். பிறகு ஒரு பலகையைச் சரிவாகப் போட்டும் பார்த்தோம். இடம் காணாமல் பலகை செங்குத்தாக நின்றது, வாக்கர் வழுக்கியது. ஐயோ கடவுளே, விழுந்து இடுப்பு முறிந்தால் ஆர் பார்க்கிறது? ஓட்டைக் கதிரையும் வாளியும் திரும்பப் படுக்கையறைக்குள் வந்தன. அப்பா இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை. சாப்பிட்டால் போகவேண்டி வருமே என்ற பயம் என்று எனக்கு விளங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணா வீடியோவில் வந்தார். புதுப் பாத்ரூமைக் காட்டச் சொன்னார், காட்டினேன். ஹோட்டல் மாதிரி இருக்கு என்றார். பிறகு அப்பாவிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னார். அப்பா அப்போது ஓட்டைக் கதிரையில்தான் இருந்தார். அவருடைய முகம் மட்டும் தெரிகிற மாதிரிப் பிடித்துக்கொண்டேன்.

"என்னப்பா, இப்ப சுகம்தானே? தனியப் போறியளோ?"

"ஓம் தம்பி. தனியத்தான் போய்வாறன். ஒருத்தற்ற உதவியும் தேவையில்லை. நல்ல வேலை செய்திருக்கிறாய்."

ஃபோனை வைத்த கையோடு கேட்டேன். "ஏனப்பா பொய் சொன்னனீங்கள்? கேக்கட்டுமே! தான் செய்த வேலை அவருக்குத் தெரியட்டுமே!"

"விடு பிள்ளை. அவன் பாவம். தூரத்தில இருந்துகொண்டு கவலைப்படுவான்."

"அப்ப நான்? நான் பாவமில்லையோ?"

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கேட்டது அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"நீ இஞ்சதானே இருக்கிறாய்" என்றார்.

அவரைக் கழுவித் துடைத்துக் கட்டிலில் இருத்தினேன். வாளியைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய், அந்தப் படியில் ஏறி, கொமட்டில் ஊற்றி ஃபிளஷ் பண்ணினேன். சரிவு நன்றாகப் பிடித்திருந்தது. ஒரே இழுவையில் எல்லாம் போய்விட்டது.