மூன்று பஸ்ஸுக்கு ஒரு மனேஜர்

றக்வானைக் கடைவீதியில் அந்தக் காலத்தில் தாஸிமை முகம் கண்டு அறிந்தவர்களைவிடக் குரல் கேட்டு அறிந்தவர்களே அதிகம். விடிந்ததும் விடியாததுமாக, "கஹவத்தை! பெல்மதுளை! இரத்தினபுரி! ஏறுங்க, ஏறுங்க!" என்று அவர் போடும் சத்தம் மேட்டுத் தோட்டத்து லய வீடுகள் வரைக்கும் போகும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தோட்டத்துப் பெண்கள் உலை வைக்கிறார்கள் என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், ஆனால் முழுப் பொய்யும் இல்லை.

றக்வானையிலிருந்து இரத்தினபுரிக்கு அப்போது மூன்று பஸ்கள் ஓடின. பச்சை பஸ் புடவைக் கடை இப்றாஹிம் ஹாஜியாருடையது. சிவப்பு பஸ் மேட்டுத் தோட்டத்துப் பெரிய கங்காணி மூக்கையாவுடையது. மஞ்சள் பஸ் ரப்பர் காணிக்காரரான அப்புஹாமி முதலாளியுடையது. கல்யாண வீட்டில் கண்டால் மூவரும் தோளில் கை போட்டுக்கொண்டு வெற்றிலை மெல்லுவார்கள். பஸ் என்ற பேச்சு வந்தால் மட்டும் பாம்பும் கீரியும்தான்.

முதலாளிமார் அப்படியென்றால் ஓட்டுகிறவர்களைக் கேட்கவா வேண்டும்? முன்னால் போகிற பஸ் வழி விடாது, பின்னால் வருகிற பஸ் ஹோர்னை விடாது. பயணியைப் பிடிப்பதற்குக் கொண்டக்டர்மாரிடம் ஒரு வித்தை இருந்தது. ஆளோடு பேசி நேரத்தை வீணாக்க மாட்டார்கள். ஆளின் மூட்டையைப் பறித்துத் தங்கள் பஸ்ஸில் போட்டுவிடுவார்கள், ஆள் தானாகப் பின்னால் ஓடி வருவார். இந்த இழுபறியில் ஒரு தடவை ஒரு மனிசியின் மூட்டை பச்சை பஸ்ஸிலும் அவள் சிவப்பு பஸ்ஸிலும் இரத்தினபுரி போய்ச் சேர்ந்தது உண்டு.

இந்த வித்தையில் தாஸிமை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் வாய்தான் சும்மா இருக்காது. பிரேக் சரியில்லை என்று கடை நிறையச் சனம் இருக்கும்போது சொன்னதற்கு ஹாஜியார் அவரை வேலையிலிருந்து விலக்கினார். பெரிய கங்காணியின் மச்சானிடம் டிக்கட் கேட்டதற்கு மூக்கையா விலக்கினார். கடைசியாக, நீண்ட காலம் வேலை செய்த மஞ்சள் பஸ்ஸிலிருந்தும் அப்புஹாமி முதலாளியோடு வாய்த்தர்க்கப்பட்டு விலக்கப்பட்டார். பிறகு எஹலியகொடையில் தன் மச்சானின் கடையில் செத்தல் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தார். மிளகாய்த் தூசியைக்கூடப் பொறுத்துக்கொண்டார், மச்சானின் புத்திமதியைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கஹவத்தைக்குப் பக்கத்தில் ஒரு வளைவில் பச்சை பஸ்ஸும் சிவப்பு பஸ்ஸும் முந்தப் பார்த்து உரசிக்கொண்டன. சிவப்பு பஸ் றோட்டோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் சாய்ந்தது. அதிலிருந்த, தேயிலைக் கொழுந்தெடுக்கிற இருளாயிக்குக் கை முறிந்தது. இரத்தினபுரி இன்ஸ்பெக்டர் முதலாளிமார் மூவரையும் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் மூன்று லைசென்ஸையும் கிழித்துப் போட்டுவிடுவதாகச் சொல்லி அனுப்பினார். திரும்பி வரும் வழியிலேயே மூவரும் சேர்ந்து ஒரே கம்பெனியாகிவிடுவது என்று முடிவாயிற்று. பயம் செய்கிற வேலையைப் பாசம்கூடச் செய்யாது.

யார் மனேஜர் என்பதில்தான் இடித்தது. ஹாஜியார் தன் மருமகனைச் சொன்னார், மூக்கையா தன் மச்சானைச் சொன்னார். ஒருவருடைய ஆளை மற்றவர் ஏற்கவில்லை. கடைசியில் அப்புஹாமி முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாம மூணு பேரும் வெலக்கின ஆள் ஒண்ணு இருக்கு தானே? அவன் யாரோட ஆளும் இல்ல" என்றார்.

இப்படித்தான் தாஸிம் மனேஜரானார். மலை யாத்திரைச் சீசன் முடியும் வரை பார்ப்பது, போட்டி ஓட்டம் நிற்காவிட்டால் கம்பெனியைக் கலைத்து அவரவர் பஸ்ஸை அவரவர் கொண்டுபோவது என்று பேச்சு. கலைந்தால் முதலாளிமாருக்குப் பஸ்ஸாவது மிஞ்சும். தாஸிமுக்கு மிஞ்சுவது மிளகாயும் மச்சானும்தான். மூன்று கதவும் ஏற்கெனவே சாத்திய கதவுகள்.

அவருடைய மனைவி றஸ்மியாவுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. அவள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். கறுப்புக் கோட் ஒன்று தைப்பித்து, முதல் நாள் காலையில் தானே போட்டுவிட்டாள்.

"இனி நீங்க மனேஜர். றோட்டுல நிண்டு சத்தம் போடப்படாது, வெளங்கினா?" என்றாள்.

வெளங்கியது என்றுதான் தாஸிமும் நினைத்தார். ஹாஜியாரின் கடைக்குப் பக்கத்து அறையில் ஒரு மேசை, ஒரு கதிரை. கோட்டோடு போய் உட்கார்ந்தார். ஒருவரும் வரவில்லை. வியர்த்தது. வெளியே சிவப்பு பஸ்ஸும் மஞ்சள் பஸ்ஸும் ஒன்றை ஒன்று மறித்துக்கொண்டு ஹோர்ன் அடிக்கிற சத்தம் கேட்டது. சண்டையை விலக்குப் பிடிப்பதற்காகத்தான் ஓடினார், சத்தியமாக. ஆனால் ஒரு கிழவர் பெரிய பலாப்பழம் ஒன்றோடு சிவப்பு பஸ்ஸுக்குள் ஏறப்போவதைக் கண்டதும் மனேஜர் எங்கேயோ போய்விட்டார். கண்மூடித் திறப்பதற்குள் பலாப்பழம் மஞ்சள் பஸ்ஸுக்குள் இருந்தது, தாஸிம் அதன் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, "இரத்தினபுரி! ஏறுங்க, ஏறுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கடைவீதியே சிரித்தது. சிவப்பு பஸ்ஸை ஓட்டும் இருளப்பன் தலையை வெளியே நீட்டினான்.

"ஏன் தாஸிம் நானா, நீங்க கம்பெனிக்கு மனேஜரா, இல்ல மஞ்சப் பஸ்ஸுக்குக் கொண்டக்டரா?"

தாஸிமுக்கு மானமே போயிற்று. அடுத்த வளைவில் இறங்கி, கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார். றஸ்மியா ஒன்றும் கேட்கவில்லை. செய்தி அவருக்கு முன்னமே வீட்டுக்கு வந்துவிட்டது.

வெட்கம் கொஞ்சம் தணிந்த பிறகு அவர் யோசித்தார். மூன்று பஸ்ஸும் ஒன்று என்று தலைக்குத் தெரிந்திருந்தும் கை ஏன் மஞ்சள் பஸ்ஸுக்குப் போயிற்று? அங்கே பழகிய கை, அவ்வளவுதான். எனக்கே இப்படியென்றால் ஒரே ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன டிரைவர்களின் கைக்கு யார் கம்பெனியைப் பற்றிச் சொல்வது? சொல்லிப் புரியவைக்க முடியாது. கைகளைத்தான் மாற்ற வேண்டும் என்று பட்டது.

மறுநாள் கதிரைப் பக்கம் போகவில்லை. டிரைவர்மார் கூடும் தேத்தண்ணிக் கடைக்குப் போனார். பச்சை பஸ் மஷூர், சிவப்பு பஸ் இருளப்பன், மஞ்சள் பஸ் பொடிசிங்கோ, மூவரும் இருந்தார்கள். நேற்றைய பலாப்பழத்துக்காக ஒரு தடவை சிரித்து முடித்தார்கள், அவரும் கூடச் சிரித்தார். பிறகு சொன்னார்.

"நாளையில இருந்து ஒருத்தரும் அவரவர்ட பஸ்ஸ ஓட்டுறல்ல. நாளுக்கு நாள் மாறி மாறித்தான் ஓட்டணும்."

சிரிப்பு நின்றது.

"என் வண்டியில பிள்ளையார் இருக்காரு நானா. அவரத் தனியா விட்டுட்டு நான் வேற வண்டிக்குப் போறதா? நம்மளால ஆகாதுங்க" என்றான் இருளப்பன்.

"என்ட வாப்பா எழுதித் தந்த குர்ஆன் ஆயத்து என்ட பஸ்ஸுல ஈக்கி. அது இல்லாம நான் அந்த மல எறங்க மாட்டன்" என்றான் மஷூர். பொடிசிங்கோ வெளியே நின்ற மஞ்சள் பஸ்ஸின் முகப்பில் ஒட்டியிருந்த மலையைக் காக்கிற சாமியான சமன் தெய்யோவின் படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

இது சாக்கு இல்லை என்று தாஸிமுக்குத் தெரியும். மழைக் காலத்தில், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாக உள்ள அந்த றோட்டில் மிதிபலகையில் தொங்கிப் போனவர் அவர். எத்தனை வளைவில் உயிருக்குப் பயந்து கலிமா சொல்லியிருக்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும். அதனால் மேலே வாதாடவில்லை. எழுந்துபோய் இரும்புக் கடையில் ஆணி வாங்கிக்கொண்டு வந்தார். சுத்தியலும் இரவல் வாங்கினார். ஒவ்வொரு பஸ்ஸிலும் டிரைவர் சீட்டுக்கு மேலே தானே ஏறி ஓர் ஆணி அடித்தார்.

"ஆணி பஸ்ஸோட ஈக்கட்டும். ஒங்கட காவல் ஒங்களோட வரட்டும். காலையில எந்த பஸ்ஸோ அந்த பஸ்ஸுல மாட்டுங்க, பொழுதுபட்டா வீட்டுக்குக் கொண்டு போங்க. ஒருத்தர்ட படத்த இன்னொருத்தர் தொடவும் வேணாம்" என்றார்.

பொடிசிங்கோதான் முதலில் வாய் திறந்தான். "ஹரி, சரிதான். அப்ப எங்கட தெய்யோவும் இடமாற்றம் வாங்கிக்கொண்டு வாறார்" என்று சொல்லிப் படத்தை மெதுவாகக் கிளப்பி எடுத்து, ஒரு பலகைத் துண்டில் ஒட்டுவதற்குப் பசை கேட்டான்.

அடுத்து நடந்தது தாஸிமே எதிர்பார்க்காதது. பச்சை பஸ்ஸை ஓட்டிப் பார்த்த இருளப்பன் முதல் நாளே வந்து, பிரேக் இடது பக்கம் இழுக்கிறது என்றான். மஷூருக்கு அது எப்போதோ தெரியும், ஹாஜியாருக்குப் பயந்து சொல்லாமல் சமாளித்து ஓட்டிக்கொண்டிருந்தான். அன்றே பிரேக்கைப் பிரித்துச் செய்தார்கள். சிவப்பு பஸ்ஸின் கோளாறுகளை மஷூர் சொன்னான். தன் பிள்ளையின் குறையைத் தகப்பன் மறைப்பான், அடுத்த வீட்டுக்காரன் மறைப்பானா?

போட்டி ஓட்டமும் தானாக நின்றது. பச்சை பஸ்ஸில் வருகிற இருளப்பன் முன்னால் சிவப்பு பஸ்ஸைக் காண்கிறான். முந்தப் போனால் உரசப்போவது யாரை? அவன் தினமும் கழுவித் துடைத்த, பொட்டு வைத்த, அவனுடைய செல்லச் சிவப்பு பஸ்ஸை. மனசு வருமா? தூரமாகவே பின்னால் வந்தான். மற்ற இருவருக்கும் அதே கதைதான்.

ஹாஜியார் இதெல்லாம் நடக்கும்போது பெருநாளைக்குப் புடவை எடுக்கக் கொழும்பு போயிருந்தார். திரும்பி வந்து தன் பச்சை பஸ்ஸைப் பார்த்தால், உள்ளே நெற்றி நிறைய விபூதியோடு இருளப்பன், அவன் தலைக்கு மேலே பிள்ளையார். மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்! மூக்கையாவுக்கும் அப்புஹாமிக்கும் ஆள் அனுப்பினார். இரண்டு நாள் கழித்துக் காலையில் மூவரும் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். பஸ்களில் ஆட்கள் நிறைய ஏறியிருந்தார்கள். சனம் பஸ்ஸை மறந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கியது.

"யார்ட்ட கேட்டு மாத்தின நீ? என்ட பஸ்ஸ என்ட ஆள்தான் ஓட்டணும், இண்டைக்கே. இல்லாட்டிக் கம்பெனியும் இல்ல, ஒண்டும் இல்ல" என்று ஹாஜியார் சத்தம் போட்டார்.

"நம்ம வண்டியையும் நம்ம ஆளுகிட்டயே குடுத்துருங்க தம்பி. எதுக்கு வம்பு?" என்றார் மூக்கையா. அப்புஹாமி வெற்றிலையை மென்றுகொண்டு நின்றார்.

தாஸிமின் கண்ணுக்கு முன்னால் மிளகாய்ச் சாக்கும் தராசும் வந்து நின்றன. ஆமாம் என்று சொன்னால் இன்றைக்குத் தப்பலாம். ஆனால் அடுத்த வாரமே ஏதாவது ஒரு வளைவில் இன்னொரு இருளாயி விழுவாள்.

"ஹாஜியார், வெலக்கிறதெண்டா என்ன வெலக்குங்க. நான் மனேஜரா ஈக்கிற வரைக்கும் இத மாத்த மாட்டன்" என்றார். 

ஹாஜியார் அவரை விட்டுவிட்டு மஞ்சள் பஸ்ஸின் பக்கம் திரும்பினார். அதில் இருந்தவன் மஷூர். சின்ன வயதிலிருந்து ஹாஜியாரின் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவன், அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்ததே அவர்தான்.

"மஷூர்! எறங்கு. பச்ச பஸ்ஸுக்கு ஏறு."

மஷூர் இறங்கினான். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றான். இத்தோடு முடிந்தது என்று தாஸிம் நினைத்தார்.

"முதலாளி, நீங்க தலையக் கேட்டாலும் தருவன்" என்றான் மஷூர். "ஆனா இண்டைக்கி என்ட மொற மஞ்சப் பஸ். ஆளுகளையும் ஏத்திட்டன். மாத்திறதெண்டா மனேஜர்ட்ட செல்லுங்க. அவர் சென்னாத்தான் நான் மாறுவன்."

 அப்போது மஞ்சள் பஸ்ஸுக்குள்ளிருந்து இருளாயி, சரியாகக் கூடாமல் கோணிப்போன கையால் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மொதலாளி. இப்பதான் நாங்க கண்ணத் தொறந்துக்கிட்டு பஸ்ஸுல போறோம். அத மாத்தாதீங்க சாமி."

ஹாஜியார் அந்தக் கையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். மூக்கையா வேறு பக்கம் பார்த்தார். அப்புஹாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நான் தானே சொன்னது, இவன் யாரோட ஆளும் இல்ல எண்டு" என்றார். அதைக் கேட்டு மூக்கையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹாஜியாருக்கு வரவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு தாஸிமிடம் வந்தார்.

"மனேஜர், எனக்கு இரத்தினபுரிக்குப் போகணும். எந்த பஸ்ல ஏற?"

தாஸிம் மஞ்சள் பஸ்ஸைக் கை காட்டி, "மஞ்சள்தான் முதல்ல எடுக்கிற. பிரேக்கும் நல்லா ஈக்கி. ஏறுங்க ஹாஜியார்" என்றார். ஹாஜியார் ஏறினார். உள்ளே இடம் இருந்தது இருளாயிக்கு முன் சீட்டில்தான், அதில் உட்கார்ந்தார். மஷூர் பஸ்ஸை எடுத்தான். அது வளைவு தாண்டி மறைந்த பிறகு பொடிசிங்கோ சிவப்பு பஸ்ஸை எடுத்தான், பிறகு இருளப்பன் பச்சையை எடுத்தான். ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. மூன்று பஸ்ஸும் மலையிறங்கிப் போவதை மனேஜர் தாஸிம் றோட்டு நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பார்த்தபடி நின்றார். அவ்வளவு பெருமை அவருக்கு. அதை மறைக்க அவருக்குத் தெரியவும் இல்லை, மறைக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.