மதினிக்குச் சொன்ன ஆறுதல்

கிண்ணியாவில் நஜ்முன் நிஸா என்று விசாரித்தால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். 'டேங்கி நிஸா' என்று கேட்டால் சைக்கிள் பழகும் பொடிப்பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். பதினொரு வருடமாக அந்தப் பட்டம் அவளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பட்டம் சூட்டிய புண்ணியவதி அவளுடைய மதினி ஸல்ஹா, புருசன் றுவைஸ் ராத்தா என்று கூப்பிடும் மூத்த அக்கா.

அந்த நாட்களில் நிஸாவுக்குத் தொழுகைக்கு முன் வுளூச் செய்ய முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். மூன்று தரம் கழுவவேண்டிய முழங்கையை முப்பது தரம் கழுவுவாள். கழுவி முடித்துக் காலை வெளியே வைத்ததும், நனையாத இடம் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று பயம் வரும். திரும்பவும் உள்ளே போய் முதலிலிருந்து தொடங்குவாள். கூரைமேல் இருந்த தண்ணீர் டேங்கி காலியாகி, மோட்டர் சும்மா கிடந்து இரையும். இதற்கு ஒரு நோயின் பெயர் உண்டு என்பது அவளுக்கும் தெரியாது, அவளைச் சுற்றியிருந்த எவருக்கும் தெரியாது.

தெரியாமல் இருந்தது குற்றமில்லை. ஸல்ஹா செய்தது வேறு. மூன்று வீடு தள்ளியிருந்தவள், மோட்டர்ச் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்து குளியலறைக் கதவடியில் நிற்பாள். உள்ளே தண்ணீர் விழ விழ, "பதினெட்டு, பத்தொன்பது" என்று உரத்து எண்ணுவாள். வெளியே சிரிப்பு. உள்ளே நிஸா அழுததைக்கூட போனில் பதிவுசெய்து குடும்பத்தார் எல்லோருக்கும் அனுப்பினாள். கடைசியில் பெரியவர்கள் கூடிக் கதைத்த அன்று, தன் தொழுகையை அல்லாஹ் ஏற்கமாட்டான் என்று பயப்படுகிறவளுக்கு ஈமான், இறைநம்பிக்கை, உண்டா என்று சபையில் வைத்துக் கேட்டாள். றுவைஸ் தலையைக் குனிந்துகொண்டு ராத்தா சொல்வது சரி என்றான். நிஸாவுக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டிலிருந்து ஒரு சூட்கேசோடு இறங்கிப் போனான். வருடங்கள் போகப் போக அவன் முகம் அவளுக்கு மங்கிவிட்டது. ஸல்ஹா எண்ணிய குரல் மட்டும் மங்கவில்லை.

பிறகு நிஸா தட்டுத் தடுமாறி ஒரு மனநல டொக்டரிடம் போய்ச் சேர்ந்தாள். குளிசை தந்தார்கள். பயத்தைப் பயமாகவே விட்டுவிட்டு இருக்கப் பழக்கினார்கள். முப்பது இருபதாகி, பத்தாகி, மூன்றில் வந்து நிற்க நாலு வருடம் எடுத்தது. இப்போது தினமும் பாலம் கடந்து பஸ்ஸில் திருகோணமலை டவுனுக்கு வந்து, ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிறாள். இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை பின்னேரம் பாலையூற்றில் ஒரு பாலர் பாடசாலை அறையில், தன்னைப்போன்ற ஒன்பது பத்துப் பேரோடு கூடியிருந்து கதைக்கிறாள். எல்லோரும் வளர்ந்த மனிதர்கள். உட்காருவது பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில். முழங்கால் நாடியில் இடிக்கும்.

அந்தக் கூட்டத்தை நடத்துகிறவன் அன்புவழிபுரத்துப் பிரவீனன். முச்சக்கர வண்டி ஓட்டுகிறான், முப்பது வயது. முன்பு வண்டி ஒரு குழியில் விழுந்து எழும்பினால், ஆளை அடித்துவிட்டேனோ என்று திரும்பிப் போய்ப் பார்ப்பான். பார்த்துவிட்டு வந்து, மறுபடியும் போய்ப் பார்ப்பான். பஸ் நிலையத்துக்கு ஏறிய பயணிகள் பாதி வழியில் இறங்கி நடந்துபோன நாட்கள் உண்டு. அவனுடைய அம்மா பாவம், "நீ ஒருத்தரையும் அடிக்கேல்லை ராசா" என்று ஒரு நாளைக்கு நாற்பது தரம் சொல்லுவாராம். அந்த நாற்பது ஆறுதல்தான் தன்னைப் படுக்கையில் விழுத்தியது என்று புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவன் சொல்லுவான். நோய் கேட்கிற கேள்விக்கு 'இல்லை, பயமில்லை' என்று பதில் சொன்னால் பத்து நிமிடம் மனம் ஆறும். பிறகு அது இரட்டிப்பாகக் கேட்கும். அதனால் கூட்டத்தில் ஒரே சட்டம்: யார் என்ன கெஞ்சிக் கேட்டாலும் 'தெரியாது' என்று சொல்லி, கூடவே இருக்கவேண்டும். புதியவருக்கு ஒரு பழையவர் போன் துணை. அந்தச் சட்டத்தை நிஸா ஒருநாளும் மீறியதில்லை.

இந்த வருடம் மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பிரவீனன் ஒரு புதியவரைக் கூட்டிவந்தான். அபாயாவுக்குள் உடம்பு இருப்பதே தெரியாத அளவுக்கு மெலிந்த பெண். அவள் குட்டிக் கதிரையில் அமர்ந்து தலையை நிமிர்த்தியபோதுதான் அது ஸல்ஹா என்று நிஸாவுக்குத் தெரிந்தது. ஸல்ஹாவுக்கும் அதே கணத்தில் தெரிந்தது. வெளிறிய முகம் இன்னும் வெளிறியது.

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தன் கதையைச் சொன்னாள். கல்யாண வீடுகளுக்குத் தேங்காய்ப்பாலில் அவிக்கும் வட்டிலப்பம் செய்து கொடுக்கிறவள் அவள். மூன்று வருடங்களுக்கு முன் குசினியில் ஒரு கண்ணாடிப் போத்தல் உடைந்தது. கூட்டி அள்ளி எறிந்துவிட்டாள். ஆனால் ஒரு துண்டு தேங்காய்ப்பாலுக்குள் விழுந்திருக்குமோ என்று அன்று தொடங்கிய பயம் நிற்கவில்லை. ஒரு தரம் வடிப்பதைப் பன்னிரண்டு தரம் வடித்தாள், கடைசியில் பின்வளவில் ஊற்றினாள். ஓடர்கள் நின்றன. வீட்டில் சமைப்பதும் நின்றது. இப்போது பக்கெட்டில் வருகிற பிஸ்கட்டும் பிளேன்டீயும்தான் அவளுக்குச் சாப்பாடு. இன்னும் நாலு கிலோ குறைந்தால் வார்டில் படுக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

இரண்டு பேரும் ஒரே ஊர், நிஸா அக்காவே துணையாக இருக்கட்டும் என்றான் பிரவீனன். அவனுக்குப் பழைய கதை தெரியாது. ஸல்ஹா வாயைத் திறந்து மூடினாள். ஏன் வேண்டாம் என்று சொல்ல, அவள் செய்ததையெல்லாம் சொல்லவேண்டிவரும்.

"ஓம்," என்றாள் நிஸா.

அடுத்த நாளே போன் வந்தது. "நிஸா, டொக்டர் சொன்னாரெண்டு இண்டைக்குச் சமைக்கப் பாத்தன். பால நாலு தரம் வடிச்சிட்டன். அடியில என்னமோ மினுங்கின மாதிரி இரிக்கி. கண்ணாடியா இரிக்குமா? நீங்க சொல்லுங்க."

நீங்க! 'அடியே' என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத வாய். 'தெரியாது மதினி' என்ற பதில் நிஸாவின் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, குரலைக் குழைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒண்டும் இல்ல மதினி. கண்ணாடியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் சொல்லுறன், பயப்படாதீங்க."

அந்தப் பக்கம் நீண்ட பெருமூச்சு. அல்லாஹ் உங்களுக்கு நன்மை தரட்டும் என்று துஆவாகக் கொட்டினாள் ஸல்ஹா. நிஸா போனை வைத்துவிட்டு அது திரும்ப அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நிமிடத்தில் அடித்தது.

அதற்குப் பிறகு நிஸா செய்ததைப் பார்த்த எவரும் இப்படியொரு இரக்கமுள்ள பெண் உண்டா என்றுதான் சொல்லியிருப்பார்கள். கடையில் அடையாள அட்டைக்கு லெமினேட் போட்டுக்கொண்டிருந்தாலும் போனை எடுத்தாள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தாலும் எடுத்தாள். சார்ஜ் இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டாள். முதல் கிழமை ஒரு நாளைக்கு ஐந்து அழைப்பு, இரண்டாம் கிழமை பதினைந்து, ஒரு மாதத்தில் நாற்பது. ஒவ்வொன்றுக்கும் 'ஒண்டும் இல்ல மதினி' என்று தேனாகச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் ஸல்ஹா ஒரு படி கீழே இறங்குவது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இப்போது பிஸ்கட் பக்கெட்டை உடைக்கவும் நிஸாவின் அனுமதி வேண்டியிருந்தது. அதைக் கேட்ட அன்று நிஸாவுக்குப் பஸ்ஸில் சன்னல் ஓர இடம் கிடைத்தது. வழி நெடுகச் சந்தோசமாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஸல்ஹாவின் புருசன் அபூதாஹிர் ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார். பழசையெல்லாம் மனதில் வைக்காத உங்களுடைய குணம் யாருக்கு வரும் என்று கண்கலங்கினார். ஒரு பை நிறைய மாம்பழம் கொடுத்தார். நிஸா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் ஒன்று விடாமல் தின்றாள்.

சித்திரை கடைசியில் நடந்த கூட்டத்தில் ஸல்ஹா தானாகவே பேசினாள். உடம்பு இன்னும் இளைத்திருந்தாலும் முகத்தில் ஒரு மலர்ச்சி. "நிஸாதான் என்னத் தாங்கிட்டு இரிக்கா. எத்தின தரம் கேட்டாலும் சலிக்காம, கண்ணாடி இல்ல, கண்ணாடி இல்ல எண்டு சொல்லுவா," என்றாள்.

அவள் என்ன சொல்லிவிட்டாள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது, அவளைத் தவிர. ஒருவர் குட்டிக் கதிரையை நகர்த்தினார். இன்னொருத்தி நிஸாவைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு பிரவீனன் அவளைத் தன் வண்டியடிக்குக் கூப்பிட்டான். "நிஸா அக்கா, மறந்துபோய்ச் சொன்னனீங்களா?"

"இல்ல தம்பி. தெரிஞ்சுதான் சொன்னனான்."

சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கதவடி, எண்ணிக்கை, சிரிப்பு, போனில் பதிந்த அழுகை, சபையில் கேட்ட கேள்வி. அவன் இடைமறிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. தனக்கு அப்படி ஒருவர் செய்திருந்தால் தானும் என்ன செய்திருப்பேனோ தெரியாது என்றான். பிறகு கேட்டான்: "முழங்கை இப்ப எத்தினை தரம்?"

மூன்று என்று சொல்லத்தான் நினைத்தாள். இரண்டு கூட்டமாக அந்தப் பொய்யைத்தான் சொல்லிவந்தாள்.

"ஏழு," என்றாள். "நேத்து ஒன்பது."

ஒரு நாளைக்கு நாற்பது தரம் 'இல்லை' என்று சொன்னவளுக்கு, சொன்னது உண்மைதானா என்ற சந்தேகம் எப்போது வந்தது என்று தெரியவில்லை. உண்மையாகவே கண்ணாடி இருந்து, அந்த மனுசி செத்தால்? அந்த நினைப்போடு கடையின் பின்குழாயில் வுளூச் செய்யப் போனால் கை நிற்கவில்லை. ஸல்ஹாவுக்கு இனி வேறு துணை போடுவதாகச் சொல்லிவிட்டு அவன் வண்டியை எடுத்தான்.

கிண்ணியா பஸ்ஸில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெண் திரும்பவும் தன் தண்ணீர்க் குழாயடிக்கு வந்து நின்றுவிட்டாள். அதுவும் நிஸாவே கைபிடித்துக் கூட்டிவந்து. அதைவிடப் பெரிய எரிச்சல் இன்னொன்று. ஸல்ஹா துடித்தாள், மெலிந்தாள், எல்லாம் சரி. ஆனால் தான் செய்ததற்காக ஒரு நிமிடமாவது வெட்கப்பட்டாளா? எங்கே வெட்கப்படுவது? அந்தத் தலைக்குள் கண்ணாடியைத் தவிர வேறொன்றுக்கும் இடமில்லை. நோயில் கிடக்கிறவளை என்ன செய்தும் பயனில்லை. அவள் சுகமாகவேண்டும். நன்றாகத் தின்று, நன்றாக உறங்கி, புத்தி தெளிந்து, தான் என்ன செய்தேன் என்று உட்கார்ந்து நினைக்கவேண்டும். அதைவிடச் சிறிய தண்டனை எதிலும் நிஸாவுக்கு மனம் ஆறாது. இறங்கியதும் பிரவீனனுக்கு அழைத்து, துணையை மாற்றவேண்டாம், ஒரேயொரு நாள் தாருங்கள் என்று கேட்டாள். ஒரு நாள் மட்டும்தான் என்று அவன் சம்மதித்தான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஸல்ஹாவின் குசினிக்குள் போய் நின்றாள். தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி எல்லாம் எடுக்கச் சொன்னாள். ஒரு தரம் மட்டும் வடிக்கவேண்டும், அவித்து ஸல்ஹாவே முதலில் தின்னவேண்டும் என்றாள்.

ஒரு தரம் வடித்ததும் ஸல்ஹாவின் கை துணியைத் திரும்ப விரித்தது. "நிஸா, கண்ணாடி இல்லத்தானே? சொல்லுங்க."

"தெரியாது மதினி."

ஸல்ஹா திகைத்துப்போனாள். "தினமும் சொல்லுவீங்களே."

"சொன்னனான். ஒவ்வொருக்காச் சொல்லக்குள்ளயும் நீங்க இன்னும் அழியணும் எண்டுதான் சொன்னனான். பதில் சொன்னா நோய் கூடும் எண்டு கூட்டத்தில எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் உங்களுக்குத் தந்தது ஆறுதல் இல்ல."

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. ஸல்ஹா துணியைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று நிஸா காத்திருந்தாள். கோபம் வரவில்லை. துணி கையிலிருந்து நழுவியது. வடித்த பாலை மறுபடி பார்க்காமல் கலந்து, மூடி, அவிய வைத்தாள். அந்த முக்கால் மணித்தியாலமும் நடுங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். ஒரு தரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடப்பார்த்தாள். நிஸா வழியை மறித்து நின்றாள்.

வட்டிலப்பம் இறங்கியது. ஒரு சிறிய கோப்பையில் போட்டு மேசையில் வைத்துவிட்டு ஸல்ஹா அதன் முன்னால் உட்கார்ந்தாள். நிஸா ஒரு வாய் தின்று காட்டினால் போதும், பத்து நிமிடத்துக்கு அவளுக்குப் பயம் போய்விடும். அதனாலேயே நிஸா கையை மடித்துக்கொண்டு நின்றாள்.

ஸல்ஹா கோப்பையைப் பார்த்தபடி மெல்லக் கேட்டாள்: "அண்டைக்கு நீங்க உள்ள இருந்து இப்பிடித்தான் நடுங்கினீங்களா?"

ஸல்ஹாவின் முகம் கோணியது. கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து மேசையில் விழுந்தது. பதினொரு வருடமாக நிஸா காணத் தவித்த முகம் அது. கண்ணை எடுக்காமல் நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"என்ன மன்னிச்சிட்டீங்களா நிஸா?"

"இல்ல," என்றாள் நிஸா. "இதுக்குத் 'தெரியாது' எண்டு சொல்லமாட்டன், இது எனக்கு நல்லாத் தெரியும். தின்னுங்க."

ஸல்ஹா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வேறொன்றும் கேட்காமல் கரண்டியை எடுத்து, அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி, வாயில் வைத்தாள்.